வெள்ளிக்கிழமை மேற்கே போகாத படகு

1

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்து வைத்த மாதிரி இருக்கும். நார்வேயின் மேற்குக் கரையில், அரசாங்கப் பணத்தில், முற்றிலும் அறிவியல் முறைப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு படகுக்கு நான் சூலம் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்ததில்லை. ஆனாலும் படகு அதை நன்றாகவே கற்றுக்கொண்டது. செவ்வாயும் புதனும் அது நேர் வடக்கே போகாது. வியாழக்கிழமை தெற்கு ஆகாது. வெள்ளிக்கிழமை மேற்கே போ என்றால், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாசற்படியில் நின்று யோசிப்பதுபோல, இன்ஜினை உறுமவிட்டபடி அங்கேயே நின்றுவிடும். அந்தப் படகில் மாலுமி கிடையாது. இருந்திருந்தால் அவன்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

நான் செய்யும் வேலையை ஊரில் யாருக்கும் இதுவரை விளக்க முடிந்ததில்லை. பிள்ளைப்பாக்கத்தில் இருக்கும் என் தங்கை எஸ்தர் கேட்பவர்களிடம், "அண்ணன் கப்பல்ல கீறாரு" என்று சொல்லி முடித்துவிடுவாள். நான் கப்பலில் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தில், ஹீட்டர் பக்கத்தில் இருக்கிறேன். ஆளில்லாமல் தானே ஓடும் சிறு படகுகள் கடலுக்குப் போய் ஆழம் அளந்துகொண்டு திரும்பும். அவற்றுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் புரோகிராமை எழுதுவதுதான் வேலை.

அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கடலைக் கணக்கு நோட்டுப்போல கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை வைப்போம். பாறை இருக்கிறதா, விலை அதிகம். பெரிய கப்பல் குறுக்கே வருமா, இன்னும் அதிகம். எந்தத் திசையில் போனால் காற்று முகத்தில் அடிக்குமோ அந்தத் திசைக்குத் தனி விலை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, குறைந்த விலையில் போய்ச் சேரும் வழியைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும். எந்த வழியும் விலை வரம்புக்குள் வராவிட்டால் படகு நின்றுவிடும். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் இதைவிடச் சிக்கலான கணக்கெல்லாம் போடுகிறார்கள். அவர்களுக்கு யாரும் டாக்டர் பட்டம் தருவதில்லை.

2

நான் ஊரை விட்டுக் கிளம்பியது 1991-ல், ஒரு வெள்ளிக்கிழமை. மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விமானம் மெட்ராஸிலிருந்து பம்பாய், அங்கிருந்து ஐரோப்பா. அதாவது மேற்கு, அதற்கும் மேற்கு. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்.

எங்களுடையது கிறிஸ்தவ வீடு. சூலம் பார்ப்பது, சகுனம் பார்ப்பது எல்லாம் பாவம் என்று போதகர் ஞாயிறுதோறும் சொல்வார். எங்கள் வீட்டில் தொங்கிய சபை காலண்டரில் தேதிக்குக் கீழே வசனம் இருக்கும், சூலம் இருக்காது. அம்மா பாவம் செய்கிறவள் இல்லை. எதிர்வீட்டுச் செல்லம்மாவைப் பார்க்கச் சொல்வாள், அவ்வளவுதான்.

"இன்னா செல்லம்மா, வெள்ளிக்கெழம எப்டி கீது?" என்று அம்மா தெருவின் குறுக்கே கேட்டாள், மழை வருமா என்று கேட்கிற குரலில்.

"மேற்க ஆவாதுக்கா. புள்ள எந்தப் பக்கம் போறான்?"

"மேற்கதான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேறு கண்டத்தில் படிக்க இடம் வாங்கியிருக்கக் கூடாதா என்பது போன்ற பார்வை.

அதன்பின் அவர்கள் போட்ட திட்டம் சாதாரணமானதல்ல. முதலில், வியாழக்கிழமையே என் பெட்டி வெளிநாடு புறப்பட்டது. செல்லம்மா வீடு வரை. பெட்டி முன்தினமே வாசல் தாண்டிவிட்டால் பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் நான் போவது பெட்டியைத் தேடிக்கொண்டு போவதுதான். இரண்டாவது, பிள்ளைப்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் கிழக்கே இருக்கிறது. ஆகவே வீட்டிலிருந்து நான் கிழக்கேதான் போகிறேன். அதற்குமேல் விமானம் மேற்கே திரும்பினால்?

"அது பைலட்டோட சூலம்" என்றாள் செல்லம்மா. "அவன் பாத்துக்குவான்."

மூன்றாவதாக, எதற்கும் இருக்கட்டும் என்று, ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் அம்மா என் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைத் திணித்தாள். மேற்குச் சூலத்துக்கு வெல்லம்தான் பரிகாரம். போதகர் அந்தச் சமயம் பார்த்து டாக்ஸி டிக்கி சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். நல்ல மனிதர்.

வாயில் வெல்லத்தோடு செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்தேன். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் அதுதான். பீச்சுக்குப் போயிருக்கிறேன், ஆனால் அங்கே போகிறவர்கள் சுண்டலைத்தான் பார்ப்பார்கள்.

3

இங்கே என் வீட்டுச் சமையலறையில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. ஆண்டுதோறும் எஸ்தர் அனுப்புவது. ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஓசியில் கொடுப்பதைத் தபாலில் அனுப்ப அவள் செலவழிக்கும் பணத்தில் இங்கே ஒரு காலண்டர் வாங்கலாம். ஆனால் இந்த ஊர்க் காலண்டர்களில் தேதியைத் தவிர எதுவும் இருப்பதில்லை. காலையில் காபியோடு படிக்க அதில் என்ன இருக்கிறது?

ஒருநாள் அங்கேயே உட்கார்ந்து, திசைக்கு விலை வைக்கும் பகுதியைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு நாளுக்கு நாள் மாறுகிற, திசைக்குத் திசை வேறுபடுகிற ஒரு அட்டவணை தேவைப்பட்டது. எந்த எண் வேண்டுமானாலும் போடலாம், சும்மா சோதனைக்குத்தானே. கண்ணெதிரே காலண்டர் தொங்கியது. நாள், திசை என்று அச்சடித்துத் தயாராக இருந்த அட்டவணை. அப்படியே எடுத்து அடித்தேன். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அட்டவணையில் இன்னொரு பத்தி இருந்தால் அதையும் விடமாட்டார்கள். மூன்றாவது பத்தி பரிகாரம். தயிர், பால், தைலம், வெல்லம் எல்லாவற்றையும் சேர்த்தேன். பூஜ்யம் என்றால் பரிகாரம் செய்யவில்லை, ஒன்று என்றால் செய்தாகிவிட்டது.

சோதனை பிரமாதமாக வேலை செய்தது. சோதனைக்குப் போட்டதைச் சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நாளைக்கு எடுக்கலாம் என்று இருந்தேன். அந்த ‘நாளை’ வரவில்லை.

எங்கள் குழுவின் தலைவி இங்ரிட் ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டு, "சூலம் என்றால் என்ன?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சிரித்து முடித்திருப்போம். ஆனால் படித்தவன் மாட்டிக்கொள்ளும்போது அவனுக்கு முதலில் வருவது கலைச்சொல்.

"அது ஒரு நீரோட்டத் திருத்தம்" என்றேன்.

இந்த ஊர்க்காரர்கள் ஒரு தடவை கேட்டுப் பதில் வந்தால் மறு தடவை கேட்க மாட்டார்கள். அதை நாகரிகம் என்று நினைக்கிறார்கள். பிள்ளைப்பாக்கமாக இருந்தால், "இன்னா நீரோட்டம், எங்க ஓடுது, காட்டு பாப்பம்" என்று கேட்டு என்னைக் காப்பாற்றியிருப்பார்கள்.

4

சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, இங்ரிட் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டினாள். முகத்தில், இந்த நாட்டில் கோடைகாலத்தில் மட்டும் தெரியும் மகிழ்ச்சி.

"நம் படகு செவ்வாய், புதன்களில் வடக்கே நேராகப் போவதில்லை, பார்த்தாயா? வடகிழக்கே போய், திரும்பி வடமேற்கே வருகிறது. ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். வியாழனில் தெற்குப் பக்கம் அதேபோல. இந்தக் கடலில் வாரத்துக்கு ஒருமுறை சுழலும் நீரோட்டம் இருக்கிறது. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை."

நான் வரைபடத்தைப் பார்த்தேன். அச்சடித்தாற்போல ஒரகடம் ஹார்டுவேர் கடைக் காலண்டர்.

"உன்னுடைய நீரோட்டத் திருத்தம் இதைத்தான் முன்கூட்டியே உணர்ந்திருக்கிறது" என்றாள். "கட்டுரையில் உன் பெயரையும் போடுகிறேன்."

சத்தமில்லாமல் அட்டவணையை அழித்துவிட்டால் போகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் இதுவரை படகு ஓடியதெல்லாம் துறைமுகத்தை ஒட்டிய உள்கடலில், தற்காலிகச் சோதனை அனுமதியில்; வெளிக்கடலில் ஆளில்லாமல் ஓட அரசின் முழு அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்காக முழுப் புரோகிராமையும் கடல்துறை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கியாகிவிட்டது. முத்திரை விழுந்தபின் ஓர் எழுத்தை மாற்றினாலும் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி வரிசை. வரிசை நகர்வதற்குள் எங்களுக்கு வரும் நிதி நின்றுவிடும். இறுதிச் சோதனை அந்த வெள்ளிக்கிழமை. துறைமுகத்தின் குறுகலான வாயில் வழியாக நேர் மேற்கே வெளிக்கடலுக்குப் போய் வர வேண்டும். வளைந்து போக அங்கே இடம் இல்லை, இரண்டு பக்கமும் பாறை. எதிரே இருக்கும் தீவைச் சுற்றிக்கொண்டு போகலாமென்றால் பயணிகள் கப்பல் போகும் தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டும், அதற்குத் தடை. ஆகவே படகு நிற்கும். படகு நின்றால் அனுமதி இல்லை, அனுமதி இல்லாவிட்டால் குழு இல்லை. எனக்கு ஓய்வூதியம் வரப் பல வருடம் இருக்கிறது. இந்த வயதில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால், முதலில் ஒரு மொழித்தேர்வு வைப்பார்கள். அதில் நான் தேறுவேனா என்பது எனக்கே சந்தேகம். இன்னமும் அவசரத்தில் "நன்றி" சொல்ல வேண்டிய இடத்தில் "மன்னிக்கவும்" சொல்லிவிட்டு, பஸ் டிரைவர்களைக் குழப்புகிறவன் நான்.

முதலில் மகளைக் கூப்பிட்டேன். லிடியா ஆஸ்லோவில் வக்கீல். அவளுடைய தமிழ் சாம்பார்ப் பருப்புக்கு எத்தனை விசில் என்று கேட்கும் அளவில் நின்றுவிட்டது. மற்றதெல்லாம் நார்வேஜிய மொழியில்தான்.

"இது மதமா, வானிலையா?" என்று கேட்டாள்.

"இரண்டும் இல்லை."

"அப்படியானால் யார் போட்ட விதி?"

தெரியவில்லை என்றேன்.

"யார் போட்டது என்றே தெரியாத விதியை எதற்கு அப்பா எழுதினாய்?" என்றாள். குறுக்கு விசாரணையில் என் சாட்சி அங்கேயே உடைந்துவிட்டது. இங்ரிடிடம் உடனே சொல்லிவிடு என்றாள். சரியான யோசனைதான். அதனால்தான் அதைச் செய்யப் பிடிக்கவில்லை.

5

பிறகு எஸ்தரைக் கூப்பிட்டேன். அவளோடு பேசும்போது என் தமிழும் பிள்ளைப்பாக்கத்துக்கே போய்விடும்.

"இன்னாண்ணா, வேல நேரத்துல போன் பண்ற? வூட்ல எல்லாம் நல்லா கீறாங்கல்ல?"

"நல்லா கீறோம். எஸ்தரு, வெள்ளிக்கெழம மேற்க போவணும். இன்னா பண்றது?"

"எங்க போற?"

"நான் போவல. போட்டு போவுது."

"போட்டுல யாரு போறா?"

"யாரும் போவல."

அந்தப் பக்கம் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அதன் பின்னால் இன்னொன்று. எஸ்தரோடு பேசுவதென்றால் ஷிப்டு மாறும் நேரம் பார்த்துத்தான் பேச வேண்டும். எங்கள் வயல் இருந்த பக்கமெல்லாம் இப்போது கார் செய்கிறார்கள். உண்மையைச் சொன்னால், நாங்கள் நெல் செய்ததைவிட நன்றாகவே செய்கிறார்கள்.

பஸ்கள் போனபின் எஸ்தர் கேட்டாள்: "யாருமே போவலன்னா சூலம் யாருக்குண்ணா?"

நான் பேச்சை மாற்றினேன்.

"அதெல்லாம் வுடு. ஆவாத நாள்ல போயே தீரணும்னா இன்னா பண்ணும் அம்மா?"

"வாய்ல வெல்லத்தப் போட்டுக்கினு போய்க்கினே இருன்னும். அத்த பண்ணு."

"போட்டுக்கு வாய் இல்ல."

"அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? வாயில்லாதத எல்லாம் செஞ்சி வச்சிக்கினு எனக்கு போன் பண்றான் பாரு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் உறைத்தது. படகுக்கு வாய் இல்லை, ஆனால் மூன்றாவது பத்தி இருக்கிறது. புரோகிராமை மாற்றத்தான் கூடாது. இயக்குகிறவர் மாற்றிக்கொள்ளலாம் என்று விண்ணப்பத்தில் கொடுத்த செட்டிங்குகளில் கை வைக்கலாம். எடுத்துப் பார்த்தேன். காற்று வேகம், அலை உயரம், குறைந்தபட்ச ஆழம் என்று வரிசையாகப் போய், கடைசியில் அடக்கமாக நின்றது: வெல்லம், பூஜ்யம் அல்லது ஒன்று. நார்வே அரசாங்கம் முத்திரை குத்தியிருந்தது.

6

வெள்ளிக்கிழமை காலை வந்த ஆய்வாளர் பெயர் ஹல்வோர். அறுபதை நெருங்குகிறவர். பழைய மீன்பிடிக் குடும்பம். பேனாவைத் தூண்டில் மாதிரி பிடித்திருந்தார். இங்ரிட் அவரிடம் தன் வரைபடத்தைக் காட்டி வாராந்திர நீரோட்டத்தை விளக்கினாள். அதுவரை நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. திங்களிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் அறைக்குப் போய், வேறெதையோ கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஹல்வோர் நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நான் பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரில் இருக்கிறேன். அதற்குக் கிழமை தெரியும் என்று எனக்குத் தெரியாது."

இங்ரிடின் காது சிவந்தது. "படகு அப்படித்தானே போகிறது" என்றாள் மெல்ல.

நான் விசைப்பலகையில் வெல்லத்தை ஒன்று ஆக்கினேன். சோதனை நாளில் மாற்றும் ஒவ்வொரு செட்டிங்குக்கும் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது விதி. ஹல்வோர் திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வெல்லம். பூஜ்யத்திலிருந்து ஒன்று. காரணம்?"

நீரோட்டம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அவர் எழுதிக்கொண்டிருப்பார். படகு போயிருக்கும், வேலை பிழைத்திருக்கும். ஆனால் இங்ரிட் நம்பிக்கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டுரையை அவள் உலகத்துக்கே அனுப்பிவிடுவாள். பிறகு எங்காவது ஒரு தமிழன் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

"வெள்ளிக்கிழமை மேற்கே போகக் கூடாது" என்றேன். "வெல்லம் சாப்பிட்டால் போகலாம்."

ஹல்வோர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது உங்கள் மதமா?" என்றார் ஹல்வோர்.

"எங்கள் மதத்தில் இதற்குத் தடை."

"அப்படியானால் பாதுகாப்பு விதியா?"

"என் அம்மாவைப் பொறுத்தவரை ஆமாம்."

"வெல்லம் என்பது?"

"கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் செய்வது. பழுப்பாக இருக்கும்."

"எங்கள் பழுப்புச் சீஸ் மாதிரியா?"

"நிறத்தில்."

அவர் தலையாட்டினார். அது அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அலுவலகக் குரலுக்கு மாறி, "ஆவணத்தில் இருக்கிறதா?" என்றார். இங்ரிட் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். முத்திரையை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கள் முத்திரைதான்" என்றார் வருத்தத்தோடு. "அப்படியானால் மாற்றலாம்."

படகு புறப்பட்டது. குறுகலான வாயிலில் ஒரு கணம்கூடத் தயங்காமல் நேர் மேற்கே, கோடு கிழித்த மாதிரி வெளிக்கடலுக்குப் போனது. இங்ரிட் சுவரிலிருந்து வரைபடத்தைக் கழற்றினாள். நிதானமாகச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"உன் நீரோட்டம்" என்றாள்.

இந்த ஊரில் யாரும் கத்துவதில்லை. அடுத்த சில வாரங்களுக்குக் காபி ஊற்றும்போது என் கோப்பையை மட்டும் தாண்டிப் போனாள், அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலாம்.

7

முடிவு கடிதமாக வந்தது. அனுமதி வழங்கப்படுகிறது. படகு ஆளில்லாமல் ஓடலாம். ஆனால் அதன் வழித் திட்டத்தில் ஒரே ஒரு நபருக்கு மட்டுமே புரியும் விதி ஒன்று இருப்பதால், புதிய விண்ணப்பத்தின் மூலம் அது நீக்கப்படும் வரை, ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த நபர் படகில் இருக்க வேண்டும்.

கடிதத்தைப் பல தடவை படித்தேன். என் நார்வேஜிய மொழியின் கோளாறாக இருக்குமோ என்று லிடியாவுக்கும் அனுப்பினேன். சட்டப்படி சரியாக இருக்கிறது என்றாள். விண்ணப்பம் வரிசையில் இருக்கிறது. வரிசை நீளம். இங்ரிட் கணக்குப் பார்த்துவிட்டு, அதுவரை என் வேலையை நீட்டித்தே ஆக வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினாள். நீட்டித்தார்கள். அன்று என் கோப்பையிலும் காபி விழுந்தது.

இப்போது தினமும் காலை ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஆளில்லாப் படகில் ஏறி உட்காருகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. அலை கொஞ்சம் தூக்கினாலே குமட்டும். எதையும் தொடக் கூடாது, வழி சொல்லக் கூடாது. ஏதாவது விபரீதமானால் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். இதுவரை அழுத்தவில்லை. தூங்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

வேலை பிழைத்த செய்தியை எஸ்தருக்குச் சொன்னேன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும். அரசாங்கமே என் பெயரைச் சொல்லி, இந்த ஆள் இல்லாமல் படகு நகரக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது என்றேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப உள்ள குந்திக்கினு, எதையும் தொடாம, ஏதாச்சும் ஆவுதான்னு பாத்துக்கினு இருக்கணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"வாட்ச்மேன் வேலன்னு சொல்லு. அத்த இங்க வல்லம் வடகால் கம்பெனிலயே வாங்கிக் குட்த்திருப்பேனேண்ணா. மதியம் கேன்டீன்ல சோறு கூட போடறான்."